சுவரில் மாட்டப்பட்ட சித்திரக்காரி: அஞ்செலிக்கா காவ்மன் (1741–1807)

பாடசாலைச் சித்திர வகுப்பில் பூச்சாடியும் மாம்பழமும் வரைந்த நாங்கள் சிலர், பின்னர் மருத்துவ பீடத்தில் மனித உடலைப் படித்தோம். ஆண்களும் பெண்களும் ஒரே மேசையைச் சுற்றி நின்றோம். அதைப் பெரிதாக எவரும் நினைக்கவில்லை. அஞ்செலிக்கா காவ்மனின் வாழ்க்கையை வாசித்தபோதுதான் அந்த மேசை நினைவுக்கு வந்தது.

சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் பிறந்தவர். ஓவியரான தந்தையே முதல் ஆசிரியர். இசையிலும் வல்லவராயிருந்தும் ஓவியத்தையே தெரிவுசெய்தார். இத்தாலியில் பயின்று 1766 இல் இலண்டன் சென்றார். அடுத்த ஆண்டு, கோமகன் எனப் பொய்சொன்ன ஒருவனை மணந்து ஏமாந்தார். அந்தக் கதையை இங்கு நீட்ட விரும்பவில்லை. 1768 இல் றோயல் அக்கடமி தொடங்கியபோது ஸ்தாபக உறுப்பினருள் இருவரே பெண்கள்: அவரும் மேரி மோசரும்.

அக்கால ஓவியக் கல்விக்கு ஒரு படிமுறை இருந்தது. முதலில் பிறர் வரைந்தவற்றைப் பார்த்து வரைதல்; பின்பு பழைய சிலைகளின் சாந்து வார்ப்புகள்; கடைசியாக, ஆடையின்றி நிற்கும் உயிருள்ள ஆள். எலும்பின்மேல் தசை எப்படித் திரும்புகிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும். புராண, வரலாற்றுக் காட்சிகளே உயர்ந்த ஓவியமெனக் கருதப்பட்டன. அவற்றுக்கு இந்தப் பயிற்சி அவசியம். அந்த வகுப்புக்குள் பெண்களுக்கு இடமில்லை.

1771–72 இல் சோஃபனி அக்கடமி உறுப்பினர்களை ஒரே ஓவியத்தில் வரைந்தார். ஆண்கள் மாதிரியாளைச் சூழ்ந்திருக்கின்றனர், உடற்கூற்றியல் பேராசிரியரான டொக்டர் வில்லியம் ஹன்ரரும் நிற்கிறார் (எங்கள் துறைக்காரர்!). இரு பெண்களும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டுமே உள்ளனர்.

ஆனாலும் அஞ்செலிக்கா வரலாற்று ஓவியங்களை விடவில்லை. சிலைகளையும் வார்ப்புகளையும் பார்த்தே கற்றார். அவர் வரையும் ஆண்கள் பெண்களைப்போல் இருக்கிறார்கள் என விமர்சகர்கள் குறைகூறினர். எங்கள் கண்ணுக்கும் அப்படித்தான் படுகிறது. தோளில் தசை தெரியவேண்டிய இடம் வழுவழுப்பாக இருக்கிறது. காட்டித்தராததை எப்படி வரைவது?

1778–80 இல் அக்கடமியின் சபை அறைக் கூரைக்கு நான்கு ஓவியங்கள் தீட்டினார். அவற்றுள் ஒன்றில் ஒரு பெண், தலையும் கைகளும் இழந்த ஆண் சிலையொன்றைப் பார்த்து வரைகிறாள். அதற்குமேல் அவளுக்கு அனுமதி இல்லை.

1781 இல் ஓவியர் சூக்கியை மணந்து இத்தாலி திரும்பினார். 1807 இல் ரோமில் இறந்தபோது சிற்பி கனோவா இறுதிச் சடங்கை ஒழுங்குசெய்தார்; ஊர்வலத்தில் அவருடைய இரு ஓவியங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. அக்கடமியில் அடுத்த முழு உறுப்பினராக ஒரு பெண், லோரா நைற், தெரிவானது 1936 இல்.

அந்த நான்கு ஓவியங்களும் இப்போது பேர்லிங்ரன் ஹவுஸ் வாசல் மண்டபக் கூரையில் இருக்கின்றன. இலண்டனில் உள்ள தோழியர் ஒருமுறை போய் நிமிர்ந்து பாருங்கள்.