ஒரே ஊரை எழுதியவர்

கில்பர்ட் ஒயிட்டைப் பறவையியலாளர் என்று மட்டும் போற்றுவது எனக்கு உடன்பாடில்லை. 1720-இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரிலுள்ள செல்போர்ன் கிராமத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்று, ஊர் திரும்பி, உதவிப் பாதிரியாராகவே வாழ்ந்து, 1793-இல் அங்கேயே மறைந்தார்.

ஊரை ஒட்டிய குன்றின் பீச் மரக்காட்டுக்கு ஏற, 1753-இல் தம்பி ஜானுடன் சேர்ந்து அவர் அமைத்த வளைவுப் பாதை இன்றும் இருக்கிறது. உருவத்தில் ஒன்றுபோலவே தோன்றும் மூன்று சிறு பறவைகளை, குரல் வேறுபாடு கேட்டு, தனித்தனி இனங்கள் எனத் தெளிந்தார். மண்புழு இல்லையேல் நிலம் இறுகி வளம் குன்றும் என்று, டார்வினின் மண்புழு நூலுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே எழுதினார். அற்பப் பிராணி என்று எவரும் குனிந்து பாராத காலம் அது!

1789-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவரது நூலுக்கு இரண்டாம் பகுதியும் உண்டு. 1233-இல் நிறுவப்பட்டுப் பின் அழிந்த செல்போர்ன் துறவியர் மடமும், ஊர்த் தேவாலயத்தின் பழமையும் அதன் பொருள். பிற்காலப் பதிப்புகள் பல அப்பகுதியையே நீக்கிவிட்டன. இயற்கையும் வரலாறும் அவருக்கு இரண்டல்ல, பிரித்தவர்கள் பதிப்பாளர்களே. தேவாலய வளாகத்து யூ மரத்தின் சுற்றளவு 23 அடி என்று அவர் குறித்துவைத்தது அந்தப் பகுதியில்தான். அம்மரம் 1990-இல் புயலில் சாய்ந்தது.