அண்டங்காக்கை முத்திரை

பாட்டன் காலத்துப் பொருள் என்று அலமாரியில் காத்து வைக்கப்படும் கண்ணாடிக் கிண்ணங்களிற் பல ஊமைகள். தம்மைச் செய்த கை எது, பிறந்த காலம் எது என்று அவை சொல்வதில்லை. மேலை நாடுகளில் இவற்றை ஆராய்வோர் விரலால் சுண்டி ஓசை கேட்பர். கையில் ஏந்தி எடை பார்ப்பர். இரும்புக் கம்பியிலிருந்து முறித்தெடுத்த தழும்பு அடியில் உள்ளதா என்று தேடுவர். ஆனால் பழைய ஆங்கிலக் கண்ணாடியில் அண்டங்காக்கைத் தலை பொறித்த சிறு முத்திரை இருந்து, அது போலியன்று என்றும் தெளிந்துவிட்டால், புதிர் விடுபடும். செய்தது ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்டின் பட்டறை. காலம் 1677ஐ ஒட்டிய சில ஆண்டுகள். ஆங்கிலத்தில் ரேவன் என்றால் அண்டங்காக்கை. தம் பெயரின் முற்பாதியையே அவர் முத்திரையாக்கிக் கொண்டார்.

வேதியியல் பயிலும் என்னை அந்த முத்திரையை விட, அது பிறந்த கதையே பெரிதும் கவர்ந்தது.

ரேவன்ஸ்கிராஃப்ட் ஆங்கிலக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். டூவே நகரில் குருத்துவக் கல்வி பயின்றும் குருவாகாமல் வணிகரானார். கண்ணாடிக்குப் பேர்போன வெனிஸில் பல்லாண்டு வாழ்ந்து, பின் இலண்டன் திரும்பினார். 1673இல் அங்கே சவாய் பகுதியில் கண்ணாடி உலை அமைத்தார். 1674இல் ஏழாண்டுக் காப்புரிமையும் பெற்றார்.

ஆனால் சோதனை வந்தது. பளபளத்த கிண்ணங்கள் சில காலத்தில் மங்கின. நுண்விரிசல்கள் வலையாய்ப் படர்ந்தன. காரணம் இன்று நமக்குத் தெரியும். காரம் மிகுந்து சுண்ணாம்பு குறைந்த கண்ணாடியிலிருந்து காற்றின் ஈரம் காரத்தை மெல்லக் கரைத்தெடுக்கும். அணு என்ன, மூலக்கூறு என்ன என்று அறியாத காலத்தில், அவர் கலவையை மாற்றி மாற்றி உருக்கிப் பார்த்தார். ஈய ஆக்சைடைச் சேர்த்தார். ஈயக் கண்ணாடி முற்றிலும் புதியதன்று. 1612இல் வெளிவந்த அந்தோனியோ நேரியின் நூலிலேயே அது உண்டு. அதைக் குடிகலங்களுக்கு ஏற்றதாக்கித் தொழிலாக வளர்த்ததே இவர் பெருமை. எடையும் ஒளியும் கூடின. சுண்டினால் மணியோசை நீண்டது.

அப்போதுதான் முத்திரை வந்தது. மக்கள் மனத்தில் பழைய கிண்ணங்களின் விரிசல் மறையவில்லை. இவை அவையல்ல, இவற்றுக்கு நான் பொறுப்பு என்று சொல்லவே அந்தக் காக்கைத் தலை. 1681இல் காப்புரிமை முடிந்தது. 1683இல் அவர் மறைந்தார். ஈயக் கண்ணாடியோ இங்கிலாந்தின் பல உலைகளில் பரவியது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. முத்திரையிட்ட கலங்களிலும் சில பின்னாளில் மங்கியே போயின. வெற்றி முழுமையன்று. எனினும் குறையுள்ள கலத்தின் மீதும் அவர் பெயர் நிற்கிறது; அதனாலன்றோ இன்றைய ஆய்வாளர் அவருடைய முயற்சியின் படிகளை அறிய முடிகிறது!

நண்பர்களே, நம் ஆய்வுக்கூடப் பதிவேட்டின் முதற்பக்கத்திலும் நம் பெயர் இருக்கிறது. உள்ளே இருக்கும் அளவீடுகள் சரியோ பிழையோ, நாம் கண்டவையாக இருக்கட்டும்.