மலையைக் காக்கும் செலவு யாருடையது?

ஓர் ஆற்றின் நீரைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலானோர் சமவெளியில் வாழ்கின்றனர். அந்த ஆற்றுக்கு நீரூட்டும் காடுகளோ மலைச்சரிவுகளில் இருக்கின்றன. காட்டை வெட்டினால் கிடைக்கும் வருவாய் மலையில் உள்ளவருக்கு. வெட்டாமல் விட்டால் கிடைக்கும் நன்மை சமவெளியில் உள்ளவருக்கு. அப்படியென்றால், நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கும் செலவை யார் ஏற்பது?

கல்லூரியில் பொதுநிதியியல் கற்பித்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எழுப்பும்போதெல்லாம், விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வது என் வழக்கம். அவர் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபோர்டு பின்ஷோ. காடுகளை நேசித்தவர்கள் அவருக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. ஆனால், காட்டுக்கான நேசத்தை அரசின் வரவு-செலவுத் திட்டத்தில் ஓர் இனமாக மாற்றத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் அவர் முதன்மையானவர்.

1865 ஆகஸ்ட் 11 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர் பின்ஷோ. பிரான்ஸிலிருந்து குடியேறி பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டு நகரில் வணிகம் செய்த குடும்பம் அது. அவருடைய பாட்டனார் ஈட்டிய செல்வத்தில் மர வணிகத்துக்கும் பங்கு உண்டு. சுற்றியிருந்த குன்றுகள் மொட்டையாவதைக் கண்டு வளர்ந்த தந்தை ஜேம்ஸ், தம் மகன் வனவியல் படிக்க வேண்டும் என்று விரும்பினார். அன்றைய அமெரிக்காவில் அப்படியொரு தொழிலே இல்லை. அதைக் கற்பிக்கும் கல்லூரியும் இல்லை.

1889-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின்ஷோ, ஐரோப்பாவுக்குச் சென்று பிரான்ஸின் நான்சி நகரிலிருந்த வனவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்த காலத்தில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ். பர்மாவின் தேக்குக் காடுகளில் பணியைத் தொடங்கி, 1864-இல் இந்தியாவின் முதல் தலைமை வன ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் அவர். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. மக்களின் ஆதரவைப் பெறாத வனவியல் நிலைக்காது என்பதே பிராண்டிஸிடம் பின்ஷோ கற்ற முதன்மையான பாடம்.

இந்தியாவுக்கும் பின்ஷோவுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1856-லேயே வனப் பாதுகாவலர் என்ற பதவி உருவாக்கப்பட்டு, அதில் ஹியூ கிளெக்ஹார்ன் அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் தம் இயக்கத்துக்குப் பெயர் தேடியபோது, இந்திய வன நிர்வாகத்தில் வழங்கிய இந்தச் சொல்லும் பின்ஷோவின் நினைவுக்கு வந்தது. இயற்கைவளப் பாதுகாப்பு என்று இன்று உலகெங்கும் வழங்கும் தொடரின் ஆங்கில மூலம் அரசியல் கொள்கையாகப் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

நாடு திரும்பிய அவர், 1892-இல் வட கரோலினாவில் ஜார்ஜ் வாண்டர்பில்ட்டின் பில்ட்மோர் காடுகளை நிர்வகிக்கத் தொடங்கினார். 1898-இல் மத்திய அரசின் வனவியல் பிரிவுக்குத் தலைவரானார். அது விசித்திரமான பதவி. வனவியலாளர்கள் வேளாண் துறையில் இருந்தனர். அரசுக் காடுகளோ உள்துறையின் வசம் இருந்தன. ஒரு மரம்கூட அவருடைய பொறுப்பில் இல்லை. அரசுக் காடுகளின் நோக்கங்கள் இரண்டு என 1897-ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்திருந்தது: ஒன்று, ஆறுகளின் நீரோட்டத்தைச் சீராக வைத்திருப்பது, மற்றொன்று, தொடர்ந்து மரம் கிடைக்கச் செய்வது. இந்தச் சட்டமே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையானது.

1905-இல் காடுகள் வேளாண் துறைக்கு மாற்றப்பட்டு, வனத்துறை அவர் தலைமையில் உருவானது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவு அவருக்கு முழுமையாக இருந்தது. அப்போது சுமார் 5.6 கோடி ஏக்கராக இருந்த அரசுக் காடுகள், 1910-இல் சுமார் 17.2 கோடி ஏக்கராக விரிந்தன.

பரப்பை விரிவாக்குவது எளிது. ஆதரவை விரிவாக்குவது கடினம். மேற்கு மாநிலங்களின் கால்நடைப் பண்ணையாளர்கள் அதுவரை இலவசமாக மேய்த்த நிலத்துக்கு 1906 முதல் மேய்ச்சல் கட்டணம் விதிக்கப்பட்டது. எதிர்ப்பு வெடித்தது. ஆறு வடமேற்கு மாநிலங்களில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிப் புதிய காடுகளை அதிபர் அறிவிக்கக் கூடாது என்ற திருத்தத்தை 1907-இல் ஓரிகன் செனட்டர் ஃபுல்டன் கொண்டுவந்தார். அது சட்டமாவதற்கு முன்பிருந்த சில நாள்களில், பின்ஷோவின் அலுவலகம் இரவு பகலாக வரைபடங்களைத் தயாரித்தது. ரூஸ்வெல்ட் சுமார் 1.6 கோடி ஏக்கரைக் காடுகளாக அறிவித்துவிட்டே அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

வரலாற்று நூல்கள் இந்த நிகழ்வைச் சுவையோடு விவரிக்கின்றன. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில், அதைவிட அமைதியாக நடந்த வேறொன்றே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசுக் காடு விரிந்தால் உள்ளூர் நிர்வாகங்கள் நிலவரியை இழக்கும். பள்ளிக்கும் சாலைக்கும் பணம் குறையும். மலைவாழ் மக்களின் எதிர்ப்புக்கு இது நியாயமான காரணம். இதற்கு விடையாக, காடுகளிலிருந்து கிடைக்கும் வருவாயில் 10 சதவீதத்தை அந்தந்தப் பகுதிகளின் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் தருவது என்று 1906-இல் முடிவாயிற்று. 1908-இல் அது 25 சதவீதமாக உயர்ந்தது. காட்டைக் காப்பதில் உள்ளூர் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பேச்சில் இல்லாமல் கணக்கேட்டில் எழுதப்பட்டது. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தும் அரசின் அதிகாரத்தை 1911-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது.

கிழக்கு மாநிலங்களில் சிக்கல் வேறு விதமானது. அங்கே காடுகள் தனியாரிடம் இருந்தன. அப்பலாச்சிய மலைகளில் மரம் வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்து மண் அரித்து வந்தது. 1907 மார்ச்சில் பிட்ஸ்பர்க் நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அந்த நிலங்களை மத்திய அரசு வாங்கிக் காக்க வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. இயற்கை அழகுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிட அன்றைய கீழவைத் தலைவர் ஜோசப் கேனன் உடன்படவில்லை. தனியார் நிலத்தைக் காடு வளர்ப்பதற்காக வாங்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற ஐயமும் இருந்தது.

வழி நீரில் கிடைத்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. கப்பல் செல்லும் ஆறுகள் அந்த வணிகத்தின் பாதைகள். அந்த ஆறுகளின் தலைப்பகுதியைக் காப்பதும் அதே அதிகாரத்துக்குள் அடங்கும் என்ற வாதம் வலுப்பெற்றது. 1908 மே மாதத்தில் மாநில ஆளுநர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து நடத்தப்பட்ட மாநாட்டைத் திட்டமிட்டதில் பின்ஷோவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதைத் தொடர்ந்து பல மாநிலங்கள் தத்தம் இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையங்களை அமைத்தன.

1910 ஜனவரியில், அலாஸ்கா நிலக்கரி நிலங்கள் தொடர்பாக உள்துறைச் செயலர் பாலிஞ்சருடன் ஏற்பட்ட மோதலில், அதிபர் டாஃப்ட் பின்ஷோவைப் பதவிநீக்கம் செய்தார். பதவி போயிற்றே தவிர, பணி நிற்கவில்லை. தேசிய இயற்கைவளப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக அவர் ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். 1911 மார்ச் 1 அன்று வீக்ஸ் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. கப்பல் செல்லும் ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், மாநிலத்தின் ஒப்புதலோடு, விற்க விரும்புவோரிடமிருந்து மத்திய அரசு நிலம் வாங்கலாம். அதோடு, காட்டுத்தீத் தடுப்புக்காக மாநிலங்களுக்கு உதவ 2 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அந்த உதவியைப் பெற இரண்டு நிபந்தனைகள்: மாநிலம் தீத்தடுப்புக்குச் சட்டப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும், மத்திய அரசின் பங்கு மாநிலத்தின் பங்கை விஞ்சக் கூடாது. தொகை சிறியதுதான். ஆனால், தன் பங்கை ஒதுக்காத மாநிலத்துக்கு ஒரு காசும் இல்லை என்ற விதி, மாநிலச் சட்டமன்றங்களை நிதி ஒதுக்கத் தூண்டியது. கிழக்கு மாநிலங்களில் காலப்போக்கில் சுமார் 2 கோடி ஏக்கர் நிலம் இந்த வழியில் பொதுக்காடாயிற்று. பின்ஷோ தம் தொழிலைத் தொடங்கிய பில்ட்மோர் காடுகளின் பெரும்பகுதியும் அவ்வாறே அரசால் வாங்கப்பட்டு, பிஸ்கா தேசியக் காட்டின் கருவாக அமைந்தது.

பின்னர் அவர் சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார். டெலவேர், சஸ்குவஹன்னா, ஒஹையோ ஆகிய ஆறுகளின் தலைப்பகுதிகளில் காப்புக்காடுகளுக்கு நிலம் வாங்க 1897-லேயே சட்டம் இயற்றிய மாநிலம் பென்சில்வேனியா. 1920-இல் அதன் வன ஆணையரான பின்ஷோ, தீத்தடுப்புக்கான ஒதுக்கீட்டைப் பல மடங்கு உயர்த்தச் செய்தார். 1923-இல் ஆளுநரானதும், காடுகளையும் நீரையும் ஒரே துறையின்கீழ்க் கொண்டுவந்தார். 1931 முதல் 1935 வரை இரண்டாம் முறையும் ஆளுநராக இருந்தார். 1946 அக்டோபர் 4 அன்று தம் 81-ஆவது வயதில் மறைந்தார்.

குறைகளைச் சொல்லாமல் இந்த வாழ்க்கையை நிறைவு செய்வது முறையாகாது. சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காக யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை அவர் ஆதரித்தார்; இயற்கையியலாளர் ஜான் மியூர் அதை இறுதிவரை எதிர்த்தார். அரசுக் காடுகளாக அறிவிக்கப்பட்ட நிலங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த பூர்வகுடிகளின் உரிமைகளுக்கு அவருடைய திட்டத்தில் உரிய இடம் இல்லை.

அறிவியலிலும் அவர் தரப்பு மிகையாகப் பேசியது. காடு இருந்தால் வெள்ளம் வராது என்ற அளவுக்குச் சென்ற பிரசாரத்தை, ராணுவப் பொறியாளர் ஹிராம் சிட்டெண்டன் 1908-இல் கடுமையாக மறுத்தார். 1910-இல் கொலராடோவின் வேகன் வீல் கேப் பகுதியில் அருகருகே இருந்த இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஆய்வு தொடங்கியது. ஒன்றில் மரங்களை அகற்றியபோது ஓடைநீர் குறையவில்லை, ஓரளவு கூடியது. மண்ணரிப்பும் கூடியது. காடு நீரை உற்பத்தி செய்வதில்லை. மண்ணைப் பிடித்துவைத்து, நீரின் தரத்தையும் ஓட்டத்தையும் காக்கிறது. பெருமழையின் வெள்ளத்தை முழுமையாகத் தடுக்க அதனால் இயலாது. இந்த அளவான உண்மையே காட்டைக் காக்கப் போதுமானது. மிகைப்படுத்திப் பெறும் ஆதரவு, அடுத்த வெள்ளத்திலேயே கரைந்துவிடும்.

பிராண்டிஸ் வழியாக இந்தியாவிலிருந்து அவர் கற்றது ஒன்று. அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது மற்றொன்று. மாநிலங்களுக்கான வரிப்பகிர்வில் வனப்பரப்புக்கு 14-ஆவது நிதிக்குழு 7.5 சதவீத மதிப்பளித்தது. 15-ஆவது நிதிக்குழு வனத்துக்கும் சூழலியலுக்கும் அதை 10 சதவீதமாக உயர்த்தியது. காட்டைக் காக்கும் மாநிலத்துக்கு ஈடு தரும் இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கது. ஆனால், அந்தப் பணம் காட்டுக்குத்தான் செலவிடப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மலையடிவாரத்துப் பள்ளிக்கும் சாலைக்கும் என்று பெயரிட்டுத் தந்த 1908-ஆம் ஆண்டின் ஏற்பாடும், தன் பங்கை முதலில் எடுத்து வைக்கும் மாநிலத்துக்கே உதவி என்ற 1911-ஆம் ஆண்டின் நிபந்தனையும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கவை.

அணைக்கும் குழாய்க்கும் நிதி ஒதுக்கும்போது அது முதலீடு என்கிறோம். அணைக்கு மேலுள்ள சரிவுக்கு ஒதுக்கும்போது அது செலவு என்கிறோம். அணையில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறையும்போதுதான் அந்தக் கணக்கு தவறு என்பது தெரிகிறது. ஆற்றின் தலைப்பகுதிக்கு வாக்குரிமை இல்லை. கீழே நீர் குடிப்பவர்கள்தாம் அதற்காகக் கேட்க வேண்டும். கேட்பதோடு, தங்கள் பங்கையும் கொடுக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).