பெறாத பிள்ளைக்குத் தாய்
அன்னி பெசண்டு அம்மையாரின் கதை

அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே அலை மோதும் அதே வங்கக் கடல்தான் சென்னை அடையாற்றிலும் மோதுகிறது. அந்த அடையாற்றில், கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்கார அம்மையார், தாயில்லாத இரண்டு சிறுவர்களுக்குத் தாய் ஆனார். அவர்தான் அன்னி பெசண்டு அம்மையார். 1917-ல் இந்தியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி அவரே.

மகளைப் பிரிந்த தாய்

அம்மையார் 1847-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தார். ஒரு பாதிரியாரை மணந்தார். டிக்பி என்ற மகனும் மேபல் என்ற மகளும் பிறந்தார்கள். மதக் கொள்கையில் கணவருடன் ஒத்துப்போக முடியவில்லை. 1873-ல் இருவரும் பிரிந்தார்கள். மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளர்ந்தார்கள்.

பிறகு குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு புத்தகத்தை அம்மையார் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய குற்றமாகக் கருதப்பட்டது. அதையும், அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாததையும் காரணமாகக் காட்டி, 1878-ல் கோர்ட்டு மேபலைத் தாயிடம் இருந்து பிரித்துவிட்டது. அம்மையார் தாமே வாதாடினார். பயன் இல்லை. பெற்ற மனம் எப்படித் துடித்திருக்கும்! வளர்ந்து பெரியவர்கள் ஆன பிறகுதான் பிள்ளைகள் தாயைத் தேடி வந்தார்கள்.

பிறகு அம்மையார் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893-ல் இந்தியாவுக்கு வந்தார். 1907-ல் சபையின் தலைவரானார்.

ரெயில் நிலையத்தில்

1909 ஜனவரியில், மதனப்பள்ளியைச் சேர்ந்த நாராயணய்யா சபையில் வேலை பார்ப்பதற்காக அடையாறு வந்தார். அவர் மனைவியை இழந்தவர். அவருடைய பிள்ளைகளில் கிருஷ்ணமூர்த்திக்கு 13 வயது. நித்யானந்தாவுக்கு 10 வயது. கிருஷ்ணமூர்த்தி மெலிந்த பையன். எப்போதும் ஏதோ கனவில் இருப்பான். மந்தம் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்குவான்.

அவனைக் கடற்கரையில் பார்த்த லெட்பீட்டர் என்ற சபைப் பெரியவர், இவன் உலகத்துக்கே குருவாக வருவான் என்று சொன்னார். அம்மையாரும் அதை நம்பினார்.

1909 நவம்பர் 27-ந் தேதி. வெளிநாட்டில் இருந்து திரும்பிய அம்மையாரைச் சென்னை ரெயில் நிலையத்தில் சிறுவன் முதல்முதலாகப் பார்த்தான். அப்போது அவருக்கு 62 வயது.

சுமார் மூன்று வாரம் அவர் அடையாற்றில் தங்கினார். ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் சிறுவர்களுக்கு நேரம் ஒதுக்கினார். தம் அறையில் தூங்கவும் இடம் கொடுத்தார். பிறகு காசிக்குப் போய்விட்டார்.

அந்த டிசம்பரில் காசிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் கிருஷ்ணமூர்த்தி. தன்னிடம் அன்பு காட்ட வேறு தாய் இல்லை என்றும், அம்மா என்று அழைக்கலாமா என்றும் கேட்டிருந்தான். அழைக்கும்படி யாரும் உத்தரவு போடவில்லை. பிள்ளையே கேட்டான்!

1910 மார்ச்சில் நாராயணய்யா கையெழுத்துப் போட்டு, அம்மையாரைச் சிறுவர்களின் கார்டியன் ஆக்கினார். பத்திரம் அப்போதுதான் வந்தது. பாசம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

லண்டனில்

1911 ஏப்ரலில் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். மே 5-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். புது ஊர், புது உடை. வெறுங்காலுடன் நடந்து பழகிய பிள்ளைகளுக்குப் பூட்சு காலைக் கடித்தது. அம்மையாருக்கோ ஓயாத பிரசங்கங்கள். ஆனாலும் அவர்களை நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பிள்ளைகளுக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சி.

மீண்டும் கோர்ட்டு

ஆனால் பெற்ற தகப்பனின் மனமும் மனம்தானே? 1912-ல் நாராயணய்யா பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி வழக்குப் போட்டார். அம்மையார் மீண்டும் தாமே வாதாடினார். 1913-ல் சென்னை ஐகோர்ட்டில் தோற்றார். அப்பீலிலும் தோற்றார். லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் அங்கு ஜெயித்தார். சிறுவர்களின் விருப்பத்தைக் கேட்காமல் முடிவு செய்தது சரியல்ல என்று அங்கே கருதினார்கள். பிள்ளைக்கும் மனம் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

தம்பி நித்யானந்தா 1925-ல் அமெரிக்காவில் இறந்தார். 1929-ல் ஹாலந்து நாட்டில் கிருஷ்ணமூர்த்தி, தாம் யாருக்கும் குரு அல்ல என்று சொல்லி, தமக்காக அமைத்த சங்கத்தையே கலைத்துவிட்டார். அம்மையார் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். இருபது ஆண்டு நம்பிக்கை அவர் கண் முன்னே கலைந்தது. ஆனாலும் அவர் மகனை வெறுக்கவில்லை. மகனும் அவரை அம்மா என்றே அழைத்து வந்தார்.

1933 செப்டம்பர் 20-ந் தேதி அம்மையார் அடையாற்றில் காலமானார். வயது 85. கிருஷ்ணமூர்த்தி உலகம் போற்றும் சிந்தனையாளராக விளங்கி, 1986-ல் மறைந்தார்.

குரு என்ற பட்டத்தை உதறிய அவர், மகன் என்ற உறவை உதறவில்லை. தத்துப்பிள்ளை வளர்க்கும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் நினைத்தபடி பிள்ளை ஆகாமல் போகலாம். அப்போதும் அவன் நம் பிள்ளைதான்.