மணலை அறிந்த பொறியாளர்

இயற்கைத் துறைமுகம் வாய்க்கப்பெறாதது சென்னைக் கடற்கரை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து மக்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தன. இந்நிலையை மாற்றச் செயற்கைத் துறைமுகம் அமைக்கும் பணி 1875இல் தொடங்கிற்று. பணி நிறைவுறும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. மீண்டும் கட்டிமுடித்த பின்னரும் ஒரு பகை எஞ்சியது. அதுவே மணல்.

அப்பகையை எதிர்கொள்ள வந்தவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1849இல் பிறந்த அவர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, இந்திய அரசின் பொறியியல் பணியில் சேர்ந்தார். இருப்புப்பாதைப் பணிகளில் பல்லாண்டுகள் ஈடுபட்டார். மணற்பாங்கான சமவெளியில் ஆறுகள் அடிக்கடி தடம் மாறும். பாலத்தைத் தனித்து நிற்கவிட்டு விலகியும் ஓடும். பாலத்தின் இருபுறமும் வழிகாட்டும் கரைகளை எழுப்பி, அவற்றின் அடியில் கற்களைப் பரப்பினால், வெள்ளம் மண்ணை அரிக்கும்போது கற்கள் தாமே சரிந்து கரையைக் காக்கும். பெல் என்னும் பொறியாளர் கையாண்ட இம்முறையை ஆராய்ந்து, நெறிப்படுத்தி, 1903இல் ஸ்பிரிங் நூலாக்கினார்.

1904இல் அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவரானார். இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயில் அதனால் தூர்ந்துவந்தது. ஸ்பிரிங் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் திறந்து, அதற்கு அரணாகத் தடுப்புச்சுவர் ஒன்றையும் எழுப்புவித்தார். கப்பல்கள் அமைதியான நீரில் நிற்க வழி பிறந்தது.

மணலின் பயணம் தடைப்பட்டதன் விளைவு இருவகைப்பட்டது. துறைமுகத்தின் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரை, வரவேண்டிய மணலை இழந்து அரிப்புக்கு உள்ளானது. மீனவர் குடியிருப்புகளைக் காக்கப் பின்னாளில் அங்குக் கற்சுவர்கள் எழுந்தன. ஓரிடத்தில் நிலத்தை நிலைநிறுத்தும் செயல் மற்றோரிடத்தில் நிலத்தைக் கரைக்கக்கூடும் என்பதற்கு வடசென்னையே சான்று.

மணலை அறிந்தவர் மனிதரையும் அறிந்திருந்தார். 1912 மார்ச் முதல் நாள், மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் இராமானுசன். மேலதிகாரியாகிய நாராயண ஐயர் வாயிலாக அவ்விளைஞரின் கணிதத்திறன் ஸ்பிரிங்கின் கவனத்திற்கு வந்தது. அறிஞர்களுக்கும் அரசுக்கும் மடல் எழுதி அவர் ஆதரவு திரட்டினார். 1913இல் இராமானுசனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. மறு ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

1919இல் பொறுப்பிலிருந்து விலகிய ஸ்பிரிங், 1933இல் மறைந்தார். துறைமுகத்தை ஆழப்படுத்தியவர், எழுத்தர் இருக்கையில் மறைந்திருந்த மேதைக்கும் வாயில் திறந்தார்.