வழிப்போக்கருக்கு வீடு தந்த உயில்

இங்கிலாந்தில் ராச்செஸ்டர் என்று ஒரு பழைய ஊர். லண்டனில் இருந்து டோவர் துறைமுகம் போகும் சாலையில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெரிய தெருவில் ஒரு கல் வீடு.

மாலை வந்தால் அந்த வீட்டு வாசலில் ஏழைகள் கூடுவார்கள். வேலை தேடி ஊர் ஊராக நடப்பவர்கள். தலை சாய்க்க இடம் இல்லாதவர்கள். அவர்களில் 6 பேரை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு படுக்கை. கையில் 4 பென்னி காசு. வாடகை கிடையாது. காலையில் புறப்பட்டுவிட வேண்டும்.

ஏறக்குறைய 350 ஆண்டுக்காலம் இந்தத் தர்மம் நடந்தது. எல்லாம் ஓர் உயிலின் பலன்!

அந்த உயிலை எழுதியவர் ரிச்சர்டு வாட்ஸ்.

ராணி வந்த வீடு

வாட்ஸ் பெரிய செல்வந்தர். கடற்படைக்கு உணவுப்பொருள் சேகரித்துக் கொடுக்கும் பொறுப்பை வகித்தவர். 1559-ல் மெட்வே ஆற்றங்கரையில் அப்னார் கோட்டை கட்டத் தொடங்கியபோது, அதன் பணப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு ராச்செஸ்டர் சார்பில் பார்லிமெண்டுக்குப் போனார்.

1573-ல் முதலாம் எலிசபெத் ராணி அந்த ஊருக்கு வந்தார். வாட்ஸ் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். தம் வீடு ராணிக்கு ஏற்றதல்லவே என்று வாட்ஸ் வருந்தினாராம். ராணி லத்தீன் மொழியில் ஒரே சொல்லில் பதில் அளித்தாராம். அந்தச் சொல் "சாட்டிஸ்". போதும் என்று பொருள். அதுவே அந்த வீட்டின் பெயராயிற்று.

மெத்தை வரை கணக்கு

1579 ஆகஸ்டு 22-ந் தேதி வாட்ஸ் உயில் எழுதினார். செப்டம்பர் 10-ந் தேதி காலமானார். இடையில் 19 நாட்களே!

ஏழைகளுக்கு உதவுங்கள் என்று பொதுவாக எழுதிவிட்டு அவர் நிறுத்தவில்லை. சந்தை அருகே ஏழைகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதைச் சீர்படுத்தி, உள்ளூர் ஏழைகளுக்கு அடுப்புடன் 6 அறைகள் அமைக்கச் சொன்னார். வழிப்போக்கருக்கு 6 மெத்தைகள் போடச் சொன்னார். போக்கிரிகளுக்கு இடம் இல்லை. தங்கல் ஓர் இரவு மட்டும். நோய் வந்தால் கூடுதலாக இருக்கலாம்.

இன்னும் ஒன்றும் எழுதினார். விடுதியில் குடியிருக்கும் ஏழைகள், வரும் ஏழைகளை மரியாதையாக நடத்த வேண்டும். குளிரில் வந்தவர்கள் அவர்களுடைய நெருப்பில் குளிர்காயலாம்.

மனைவி மேரியனையும் அவர் மறக்கவில்லை. மறுமணம் செய்யாதவரை சாட்டிஸ் வீடு அவருக்கு என்று எழுதினார். மேரியன் மறுமணம் செய்துகொண்டார். சொத்துப் பற்றித் தகராறு எழுந்தது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. ஏழைகளின் பங்கு தப்பியது.

மாறாத 4 பென்னி

ஆண்டுகள் உருண்டன. வாட்ஸ் விட்டுச்சென்ற நிலங்களின் மதிப்பு ஏறியது. வருமானம் பல மடங்கு பெருகியது. ஆனால் வழிப்போக்கருக்குக் கிடைத்தது? அதே 6 படுக்கை, அதே 4 பென்னி!

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1854-ல் அந்த விடுதிக்குப் போனார். வருமானத்தில் சிறு பகுதியே ஏழைகளுக்குப் போகிறது என்பதை அறிந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் கதையில் அதைச் சுட்டிக் காட்டினார். தர்மத்தின் நிர்வாகம் திருத்தி அமைக்கப்பட்டது. 1858-ல் அந்தப் பணத்தில் முதியவர்களுக்குப் புதிய இல்லங்கள் எழுந்தன.

வழிப்போக்கர் விடுதி 1940-ல், போர்க்காலத்தில் மூடப்பட்டது. பின்னர் அது பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலை ஆயிற்று. வாட்ஸ் பெயரால் அமைந்த அறநிலையம் மட்டும் நிற்கவில்லை. முதியவர்களுக்கு வீடு தரும் பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது.

படுக்கை 6 என்று எழுதி வைத்ததால், அந்தப் படுக்கைகளை யாராலும் மறைக்க முடியவில்லை. மிஞ்சிய பணமோ வழி மாறிப் போயிற்று. தர்மத்துக்குச் சொத்து எழுதுகிறவர்கள் இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

ராணியைத் தம் வீட்டில் தங்க வைத்தவர் வாட்ஸ். ஆனால், பெயர் தெரியாத ஏழைகளைத் தங்க வைத்ததால்தான் அவர் பெயர் இன்றும் நிற்கிறது!