ஒற்றைக் கை அறிஞர் சம்னர்

சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதே காரணம். இரைப்பையில் பெப்சின் புரதத்தைச் சிதைக்கின்றது. கணையத்தில் சுரக்கும் லிப்பேஸ் கொழுப்பைப் பிரிக்கின்றது. என்சைம் எனப்படும் இந்நொதிகளுள் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இவை எப்பொருளால் ஆனவை? இவ்வினாவுக்கு விடை கண்டவரே ஜேம்ஸ் சம்னர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேன்டன் என்னும் ஊரில், 1887ஆம் ஆண்டு அவர் பிறந்தார். 17ஆம் வயதில் பறவை வேட்டைக்குச் சென்றபோது, உடன் வந்தவரின் குண்டு தவறுதலாகப் பட்டு, இடக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தார். அவரோ இடக்கைப் பழக்கமுடையவர்! நம் தோட்டத்தில் இடக்கையால் பால்வெட்டுவோர் இத்துன்பத்தை நன்கு உணர்வர். சம்னர் வலக்கையால் எழுதப் பழகினார்; டென்னிசும் ஆடினார்.

ஹார்வர்டில் பேராசிரியர் ஃபோலின், ஒற்றைக் கையருக்கு வேதியியல் ஒத்துவராது, சட்டம் பயில்க என்று அறிவுறுத்தினார். குடுவையைப் பிடிக்க ஒரு கை, ஊற்ற மறு கை வேண்டுமல்லவா? ஆயினும் சம்னர் அவரிடமே பயின்று 1914இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கற்பிக்கும் சுமை மிகுதி, கருவிகளோ குறைவு. 1917இல் யூரியேஸ் என்னும் நொதியைத் தூய நிலையில் பிரித்தெடுக்க முனைந்தார். இது நாம் உரமாகத் தூவும் யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்க வல்லது. ரப்பர்ப் பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் நெடியைப் பெற்றோர் அறிவர். வாளவரை இனத்துக் கொட்டையில் யூரியேஸ் மிகுதி. அக்கொட்டையை மாவாக்கிக் கரைத்து வடித்தார். குளிர்ப்பெட்டி இல்லாமையால், கரைசலைச் சாளர விளிம்பில் வைத்து, குளிர்ந்த இரவுகளுக்காகக் காத்திருந்தார். பெல்ஜிய நாட்டு அறிஞர் ஒருவர் இம்முயற்சியை நகைப்புக்குரியதெனத் தள்ளினார்.

9 ஆண்டுகள் கடந்தன. 1926இல் அசிட்டோன் கலந்து வடித்த நீரில் நுண்ணிய படிகங்கள் தோன்றின. அவை யூரியேஸ், அதுவும் புரதம்! ஜெர்மனியின் வில்ஸ்டேட்டர் போன்ற பெரியோர் அதை ஏற்கவில்லை. 1930இல் நார்த்ரப் பெப்சினையும் படிகமாக்கி, அதுவும் புரதமே எனக் காட்டிய பின்னரே ஐயம் நீங்கத் தொடங்கியது.

1946இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி சம்னருக்கும், மறு பாதி நார்த்ரப், ஸ்டான்லி இருவருக்கும் வழங்கப்பட்டது. 1955இல் பஃபலோ நகரில் சம்னர் இயற்கை எய்தினார்.